நான்கு மதிப்பெண் முட்டை

மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தெருவில் எங்கள் வீட்டு முட்டையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. இன்று காலை கூடையோடு வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் மரியாதையாக வரவேற்றார்கள், மரியாதையாக மறுத்தார்கள். தையல்காரர் வீட்டிலோ, நான் கொண்டுபோன முட்டைகளின் மேல் தங்கள் முட்டைகளையும் அடுக்கி அனுப்பிவைத்தார்கள். தன் பணிக்காலம் முழுவதும் பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்துவிட்டு ஓய்வுபெற்ற ஒருவன் கொடுக்கப் போன கூடை முன்னிலும் கனமாகத் திரும்பி வருவது எந்த ஊர் நியாயம்? நடந்ததை நடந்த வரிசையில் கூறுகிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கோழிகள் முதலில் எங்களுடையவை அல்ல, எங்கள் மகளுடையவை. வேலை மாற்றலாகிப் போனபோது, "ரெண்டே மாசம்ப்பா, வீடு பாத்ததும் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லி, நான்கு பெட்டைகளையும் கூண்டோடு எங்கள் கொல்லைப்புறத்தில் இறக்கிவிட்டுப் போனாள். வீடும் பார்த்தாள். அது ஒன்பதாம் மாடியில் அமைந்தது. கோழிகள் எங்களிடமே தங்கின.

என் மனைவி தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவள். ஊரிலுள்ள அத்தனை குரல்களும் அவள் காதைத் தொட்டுக்கொண்டு போன காலம் ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற பிறகு அவளுக்குப் பேச்சுத் துணையாக வாய்த்தவன் நான் ஒருவன். நானோ பேசுவதைவிடத் திருத்துவதே அதிகம் என்பது அவள் கருத்து. மகளும் போன பின், அவளுடைய பேச்சு "சாப்பிட வாங்க", "கதவைச் சாத்துங்க" என்ற இரண்டு வாக்கியங்களுக்குள் சுருங்கிவிட்டது. கோழிகள் வந்த மறுநாள் காலையில், கொல்லைப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டு எழுந்து போனேன்.

"ஹலோ, யாரு லைன்ல? கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க, ஒவ்வொருத்தரா பேசுங்க" என்று கூண்டின் முன்னால் குனிந்து நின்றிருந்தாள்.

ஒரு வாரத்துக்குள் நான்குக்கும் பெயர் வந்துவிட்டது. அந்தக் காலத்து வெளியூர் அழைப்பைப்போல நான்கு வீடு தள்ளிக் கேட்கும்படி கத்துவது டிரங்கால். வேலிச் சந்து வழியாக அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுவது ராங்நம்பர். அடைகூடையில் நெடுநேரம் உட்கார்ந்து, ஆர்ப்பாட்டமாகக் கொக்கரித்து, ஒன்றும் இடாமலே எழுந்து போவது மிஸ்டுகால். மற்ற மூன்றையும் கொத்தி விரட்டுவது மேனேஜர். இது அவளுடைய பழைய மேலதிகாரியின் நினைவாக வைத்த பெயர் என்று பின்னர் அறிந்தேன். காய்கறி நறுக்கும்போதும், துணி உலர்த்தும்போதும் அவற்றோடு பேசினாள். பேசிய பழக்கத்தில் என்னோடும் பேசினாள். வீட்டுக்கு மறுபடியும் ஒலி வந்தது. ஆகவே அந்தக் கோழிகள் எங்கள் வீட்டில் என்னவாக இருந்தன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் மாடியில் இருக்கிறார். தெருவார் அவரை மாடியம்மா என்பார்கள். கூண்டைக் கண்டதும் அவர் படியில் நின்றபடியே சட்டம் போட்டுவிட்டார்.

"கோழி இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அக்கம்பக்கத்துலேர்ந்து ஒரே ஒரு புகார் வந்துது, அந்த ஞாயித்துக்கிழமையோட கோழி வெளிய. அப்புறம் என்கிட்ட வந்து கண்ணைக் கசக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

கோழிகளோ தாராள மனம் படைத்தவை. நாங்கள் இருவர், எங்கள் இரத்தக் கொழுப்பைக் கவனிக்கும் மருத்துவர் ஒருவர். குளிர்பெட்டி நிரம்பியது. பிறகு அரிசி டப்பாவின் மேல், பிறகு தலைக்கவசத்துக்குள், பிறகு என் அகராதிகளுக்கு நடுவில் முட்டைகள் குடியேறின. ஒரு சொல்லின் பொருள் தேடிக் கையை நீட்டிய நான், மஞ்சள் கருவோடு கையை மீட்ட நாளில், "இனிமே தெருவுக்குக் கொடுத்துடலாங்க. முட்டையும் தீரும், யாரும் புகார் சொல்லவும் மாட்டாங்க" என்றாள் மனைவி. முட்டை தின்ற வாய் புகார் சொல்லாது என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான்.

இங்கேதான் என் பங்கு வருகிறது. பழைய முட்டை எது, புதிய முட்டை எது என்று தெரியாமல் கொடுப்பது ஒழுங்காகுமா? எனவே ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் தேதி எழுதினேன். எழுதும்போது முட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவேண்டியிருந்தது. பார்த்தால், ஒன்று ஒழுங்கான நீள்வட்டம். மற்றொன்று பக்கவாட்டில் பிதுங்கியது. ஒன்றின் ஓடு பளபளக்கிறது. மற்றொன்று மணல் தூவியதுபோலச் சொரசொரக்கிறது. எந்தக் கோழி முன்னேறுகிறது, எது பின்தங்குகிறது என்று அறிய வேண்டாமா? வடிவத்துக்கு நான்கு, ஓட்டின் வழவழப்புக்கு மூன்று, நிறத்தின் சீர்மைக்கு இரண்டு, தூய்மைக்கு ஒன்று என்று பகுத்துக்கொண்டு, பத்துக்கு மதிப்பெண் இட்டேன். தேவைப்பட்ட இடத்தில் குறிப்பும் எழுதினேன்: 'நன்று.' 'இன்னும் கவனம் தேவை.' மிஸ்டுகால் அபூர்வமாக ஒன்று இட்டபோது, 'வருகைப் பதிவு போதாது.' இதில் எங்கே தவறு? ஆசிரியன் கையில் பென்சிலும், எதிரே ஒரு வெற்றிடமும் இருந்தால் வேறென்ன செய்வான்?

என் மனைவிக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். கண்ணாடி போடாமல், கைக்கு வந்த முட்டையை எடுத்துக் கூடையில் வைத்து விநியோகித்தாள். கிறுக்கலெல்லாம் தேதி என்றே நினைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டில் தையல்காரரும் அவர் மனைவியும். எதிர் வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய வலது கால் எங்கே உட்கார்ந்தாலும் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும் என்பதால், தெருவில் அவருக்குப் பிரேக் என்று பெயர். அவருடைய பெயர்ப்பலகையில் 'ஓட்டுனர்' என்று இருந்ததை ஒருமுறை நான் சுண்ணக்கட்டியால் 'ஓட்டுநர்' என்று திருத்தினேன். அதற்கு அவர் நன்றி சொல்லவில்லை. அது வேறு கதை.

இரண்டு வாரம் நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் வாரம், மாடியம்மா படியிறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்றார்.

"எதிர் வீட்டுக்காரர் வந்து சொல்லிட்டுப் போறாரு. கோழிச் சத்தத்துல தூக்கமே இல்லையாம். நான் அன்னிக்கே சொன்னேன். ஞாயித்துக்கிழமை கூண்டு இருக்கக் கூடாது."

"பிரேக்கா சொன்னாரு?" என்றாள் என் மனைவி. "நேத்துக்கூட முட்டை வாங்கிக்கிட்டாரே."

"வாங்கிக்கிட்டுதான் வந்து சொன்னாரு."

அன்று முழுவதும் என் மனைவி கொல்லைக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். டிரங்கால் மூன்று தடவை அழைத்தது. அவள் பதில் பேசவில்லை. மாலையில், "சாப்பிட வாங்க" என்றாள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பாதிச் சோற்றில் எழுந்தேன். கையைக் கழுவிக்கொண்டு நேராக எதிர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க சார்" என்றார் பிரேக். கால் தரையை அழுத்திற்று.

"கோழிச் சத்தத்தில் உங்களுக்குத் தூக்கம் வரலைன்னு சொன்னீங்களாமே?"

"ஆமா சார்."

"காலையில் உங்க வீட்டு ஹாரன் சத்தத்துக்குத்தான் கோழியே எழுந்திருக்குது. உண்மையைச் சொல்லுங்க."

அவர் உள்ளே போனார். குளிர்பெட்டியைத் திறந்து, ஒரு துணியில் சுற்றி வைத்திருந்த முட்டையைக் கொண்டுவந்து, நீதிமன்றத்தில் சான்றுப்பொருளை வைப்பதுபோல் மேசைமேல் வைத்தார். பெரிய முட்டை, ஒரு பக்கம் புடைத்தது. மேலே என் கையெழுத்து: 'நான்கு. வடிவம் சரியில்லை. இன்னும் கவனம் தேவை.'

"பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கறேன் சார். ஒரு கீறல் கிடையாது. எனக்குக் கவனம் தேவையா?"

"அது கோழிக்கு எழுதினது!"

"கோழி படிக்குமா சார்?"

நான் முட்டையை எழுத்து தெரியாதபடி மறுபக்கம் திருப்பி வைத்தேன்.

"சரி, அதையும் விடுங்க. குப்பைத் தொட்டிகிட்ட தையல்காரர் சம்சாரத்தைப் பாத்தேன். அவங்க வீட்டுக்கு ஆறு, ஏழு, ஒரு தடவை ஒன்பது! ஒன்பது சார்! எனக்கு மட்டும் வரிசையா நாலு, அஞ்சு, நாலு. பெயில் ஆனதெல்லாம் பொறுக்கி எடுத்து எதிர் வீட்டுக்குத் தள்ளினா மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஸ்கூல்லயும் எனக்கு இதே கதிதான். சம்பாதிச்சு, வீடு கட்டி, தலை நரைச்சப்பறமும் நாலு மார்க்கா?"

சத்தம் கேட்டுத் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி, கிண்ணத்தில் முட்டைகளோடு.

"நானும் கேக்கணும்னுதான் இருந்தேன் சார்" என்றார் தையல்காரர். "ஒன்பது சரி. இந்த ஆறு எதுக்கு? 'ஒரு பக்கம் கோணல்'னு வேற எழுதியிருக்கீங்க. தையல்காரன் வீட்டுக்கு அனுப்பற வார்த்தையா இது?"

"வாங்க, எல்லாரும் வீட்டுக்கு வாங்க" என்றேன். மதிப்பீட்டு முறையை விளக்கினால் நேர்மையான மனிதர்களுக்குப் புரியாமலா போகும்?

பிரேக்கின் முட்டையை நடுவில் வைத்து, எங்கள் சமையலறை மேசையைச் சுற்றி நின்றார்கள். வடிவத்துக்கு நான்கு, ஓட்டுக்கு மூன்று என்று தெளிவாக எடுத்துரைத்தேன். மனைவி அப்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"தெருவுல கையெடுத்துக் கும்பிட்டுக் குடுத்துட்டு வந்தேன்" என்றாள் மெதுவாக. "இதையா குடுத்தேன்?"

"சார், பேச்சை வளக்க வேணாம்" என்றார் பிரேக். "அந்த நாலை ஏழாக்குங்க. இப்பவே மாடிக்குப் போயி, கோழி கூவறது எனக்குத் தாலாட்டு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு வரேன்."

"கோழி கூவாது. சேவல்தான் கூவும். கோழி கொக்கரிக்கும்."

"கொக்கரிக்கட்டும் சார்! ஏழு போடுங்க!"

"பென்சில்ல எழுதினதுதானே" என்றாள் மனைவி. "அழிச்சுட்டுப் போடுங்களேன். என்ன குறைஞ்சுடும்?"

என்ன குறையும் என்று கேட்கிறார்கள். பள்ளி நிர்வாகியின் மகனுக்கு முப்பத்து நான்கை முப்பத்தைந்தாக்க மறுத்து, அதற்காக இரண்டு ஆண்டு கழிவறை அருகேயிருந்த வகுப்பறையில் பாடம் நடத்தியவன் நான். தகுதியில்லாத ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் கூட்டினால், தகுதியுள்ள அத்தனைக்கும் ஒரு மதிப்பெண் குறைத்ததாகும். இதை நான் சொல்ல வாயெடுத்தபோது, மனைவி கொல்லைக் கதவின் பக்கம் திரும்பினாள். இருட்டுமுன் கூண்டுக்குள் அடையும் கோழிகள், அவள் குரலுக்காகக் காத்துக் கூண்டு வாசலிலேயே நின்றிருந்தன. அவள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள். மேசையில் துடைக்க ஒன்றுமில்லை.

நான் ரப்பரை எடுத்தேன். பிரேக்கின் முட்டையைக் கையில் எடுத்தேன். ஏழு அல்ல, எட்டே போட்டுவிடுவது என்று நினைத்த அந்தக் கணத்தில், முட்டையின் கனம் கையில் தட்டுப்பட்டது. அளவுக்கு மிஞ்சிய கனம். அப்போதுதான் என் மதிப்பீடு எவ்வளவு அரைகுறை என்பது உறைத்தது. வெளிப்புறத்தை மட்டுமே பார்த்திருக்கிறோம்! விடைத்தாளின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மொத்த மதிப்பெண்ணை எழுதிய ஆசிரியர் எவராவது உண்டா?

"மறுமதிப்பீடு செய்யலாம்" என்றேன். "உள்ளே இருப்பதையும் பார்த்துத்தான் மதிப்பெண் சொல்வேன். கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். சம்மதமா?"

"உடைங்க சார்" என்றார் பிரேக். கால் தரையை அழுத்தியபடி இருந்தது.

மனைவி முட்டையை வாங்கி ஒரு கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள். ஓடு பிளந்தது. வழுக்கிக்கொண்டு ஒரு மஞ்சள் கரு விழுந்தது. அதன் பின்னாலேயே, அடுத்த பெட்டியிலிருந்து இறங்கும் பயணியைப்போல, இன்னொன்று விழுந்தது.

"ரெட்டைக் கரு!" என்று கத்தினார் தையல்காரர் மனைவி. "அக்கா, ரெட்டைக் கரு!"

பிரேக் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகம் பரிசு வாங்கப் போகும் பிள்ளையின் முகமாக இருந்தது.

"மார்க்கைச் சொல்லுங்க சார்."

"எட்டு."

"பத்து இல்லையா?"

"வடிவத்துக்கு இரண்டு போயிற்று."

"அதெப்படி சார்?" என்று தையல்காரர் குறுக்கே வந்தார். "உள்ள ரெண்டு பேரு உக்காந்திருந்தா வெளிய இடுப்பளவு கூடத்தானே செய்யும்? சட்டையைத் தளர்த்தித்தான் தைக்கணும். அது கோணல் இல்ல சார், அளவு."

வாதத்தில் நியாயம் இருந்தது. "எட்டரை" என்றேன்.

அதற்கு மேல் கட்டுப்படுத்த முடியவில்லை. தையல்காரர் தம் ஆறு மதிப்பெண் முட்டையை நீட்டினார். கரு தங்கக் காசுபோல் நிமிர்ந்து நின்றதால் எட்டு. அவர் பெருமையோடு வைத்திருந்த ஒன்பது மதிப்பெண் முட்டையின் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடிற்று, ஐந்து.

"அஞ்சா! தண்ணியா ஓடினா என்ன சார், தேதியப் பாருங்க, அது பழைய முட்டை! வயசானா யாருக்குத்தான் தளராது?"

"அதெல்லாம் செல்லாது" என்றார் பிரேக். "அஞ்சு அஞ்சுதான். சார் கரெக்டா போடறாரு." சற்று முன்பு என்னை வீதிக்கு இழுத்த அதே மனிதர்.

கருவின் நிறத்துக்கு எவ்வளவு, வெள்ளைக்கருவின் இறுக்கத்துக்கு எவ்வளவு என்று மூவரும் மேசையைத் தட்டி வாதிட்டார்கள். குளிர்பெட்டி, அரிசி டப்பா, தலைக்கவசம், அகராதி வரிசை என எங்கிருந்தெல்லாமோ முட்டைகள் வந்து உடைந்தன. சிறிய கிண்ணம் போதாமல் பெரிய பாத்திரம் வந்தது. பாத்திரம் நிரம்பியபோதுதான், உடைத்ததை மறுபடி ஓட்டுக்குள் வைக்க முடியாது என்பது எங்களுக்குப் புரிந்தது.

"எல்லாரும் உக்காருங்க" என்றாள் மனைவி. "நீங்க வெங்காயம் நறுக்குங்க" என்று என்னிடம் கத்தியைத் தந்தாள். "பொடியா. வெங்காயத்துல எதுவும் எழுதிடாதீங்க."

பிரேக் மிளகை இடித்தார். தையல்காரர் ஆம்லெட்டை அளவெடுத்ததுபோல் வட்டம் பிசகாமல் திருப்பிப்போட்டார். வாசனை மாடிக்கு ஏறிற்று. மாடியம்மா கீழே இறங்கினார். இம்முறை கடைசிப் படியையும் தாண்டிச் சமையலறைக்கே வந்து, புகார் கொடுத்தவர் வாய் நிறைய முட்டையோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டார்.

"என்ன இது? கோழி வேணாம்னு சொன்னது நீங்கதானே?"

பிரேக் விழுங்கினார். "கோழி மேல என்னம்மா குறை? அதுங்க பாட்டுக்குப் போடுதுங்க. சார் மேலதான் குறை."

"அப்போ கோழி இருக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்குள்ள சாரைக் காலி பண்ணச் சொல்லவா?"

"சொல்லலாம்மா" என்றாள் என் மனைவி. "ஆனா கொண்டுபோய் வெச்சுக்க ஆள் கிடைக்கணுமே."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவமதிப்பைப் பொறுத்துக்கொண்டேன். மாடியம்மா ஒரு தட்டைக் கையில் எடுத்தார். இரண்டாம் வாய் போனதும், "ஆமா, எனக்கு வந்த முட்டைக்கெல்லாம் எவ்வளவு போட்டிருந்தீங்க? நான் பாக்காம வேக வெச்சுட்டேனே" என்று கேட்டார். கோழிகள் காப்பாற்றப்பட்டன என்பது அப்போது எனக்கு உறுதியாயிற்று.

இத்தோடு முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன்.

அடுத்த வாரம் தையல்காரர் மூன்று பெட்டைகளை வாங்கிவந்தார். "எங்க வீட்டுக் கோழி பத்துக்குப் பத்து வாங்கும், பாருங்க சார்" என்றார். பிரேக் பொறுப்பாரா? அவர் ஐந்து வாங்கி, கூண்டின் முன்னால் சிவப்பில் 'எல்' பலகை ஒன்றை மாட்டினார். மாடியம்மா மொட்டைமாடியில் கம்பிவலை கட்டினார். காலை வேளையில் தெரு முழுவதும் கொக்கரிக்கிறது. யாரும் யாரைப் பற்றியும் புகார் சொல்ல வழியில்லை. டிரங்கால் கூப்பிட்டால் மூன்று வீட்டிலிருந்து பதில் வருகிறது. என் மனைவி மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய் வெந்நீர் குடிக்கிறாள். என்னோடு பேசத்தான் அவளுக்கு நேரமில்லை.

நாள்தோறும் காலையில் எங்கள் வாசலில் வரிசை நிற்கிறது. மதிப்பெண் போடச் சொல்லி முட்டைகளைக் கொண்டுவருகிறார்கள். ஏழு என்றால் எதற்கு ஏழு என்று சண்டைக்கு வருகிறார்கள், ஒன்பது என்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, "ஒன்பதா சார்?" என்று மறுபடி கேட்கிறார்கள். நான் ஒருவருக்கும் கூட்டிப் போட்டதில்லை; இனியும் போடமாட்டேன். மதிப்பெண் வாங்கியதும், "முட்டையை நீங்களே வெச்சுக்குங்க சார், எங்க வீட்டுல நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போய்விடுகிறார்கள். இப்போது அகராதிகளுக்கு இடமில்லை. அவை கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. நான் வினைச்சொற்களைத் தேடக் குனிய வேண்டியிருக்கிறது. என் வயதில் அது எளிதன்று.

ஆகையால், இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடமே நேராகக் கேட்கிறேன். அனுதாபம் வேண்டாம், அது முட்டையைக் குறைக்காது. படித்து முடித்ததும் எழுந்திருங்கள். அடி அகலமான பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கரிப்புச் சத்தம் எந்தத் தெருவிலிருந்து வருகிறதோ அந்தத் தெருவுக்கு வந்து, தரைத்தளத்துக் கதவைத் தட்டுங்கள். கொடுப்பதை வாங்கிக்கொண்டு, மதிப்பெண்ணைப் பற்றி வாய் திறக்காமல் போய்ச் சேருங்கள். கோழி வளர்க்கும் எண்ணம் சிறிதளவேனும் உள்ளவர்கள் தயவுசெய்து வராதீர்கள். மற்றவர்கள், இன்றே வாருங்கள்.